நூத்துக்கு இருபத்தெட்டுப் பூ

...ஆட்டைப் புடிக்க ஆளில்லாத லேப்புல வேலை பாத்துப் பாருங்க சார், அப்பத் தெரியும்! உக்காருங்க. உங்க வீட்டு மாமி ரிப்போர்ட்டுதானே? தரேன். அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். மூணு வருஷமாச் சொல்றேன், டாக்டர் காதுல எங்க விழுது? கழுத்துல கட்டியோட யாராவது வந்துட்டாப் போதும், "லூர்துராணி, ரத்தம் எடு! பூ எண்ணு!" பூ எண்றதுக்குன்னே பொறந்தவ நான்.

என்ன பூவா? அது தெரியாமத்தான் மாமி கையை நீட்டுனாங்களா? நல்லாயிருக்கு போங்க! கட்டி சாதுவா, கேன்சரான்னு ஆப்பரேஷனுக்கு முன்னாடியே ரத்தத்துல துப்புக் கிடைக்குமான்னு பாக்குறாரு. ஆராய்ச்சி! நோயை எதுத்து நிக்கிற வெள்ளையணு இருக்குல்ல, அதோட செம்மறியாட்டு ரத்தத்தைக் கலந்தா, ஆட்டு அணுவெல்லாம் சுத்தி வந்து ஒட்டிக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்தா பூ மாதிரியே இருக்கும். நல்ல உடம்புன்னா நூத்துக்கு அறுபது பூ. கேன்சர்னா கொறையும்ங்கறாரு.

ஐயே, மூஞ்சி ஏன் சார் இப்படிப் போகுது? மாமி உடம்புக்குள்ள ஒரு சொட்டு ஆட்டு ரத்தம் போகலை! எல்லாம் கண்ணாடிக் குழாயோட சரி. ரங்கநாதர் கோச்சுக்க மாட்டாரு. வேணும்னா அந்தக் குழாயைக் காவேரில முக்கி எடுத்துடறேன்.

அந்த ஆடு இருக்கே... சமயபுரம் சந்தையில வாங்குனது. ஆயா இருளாயி அதுக்கு ராணின்னு பேரு வெச்சிருக்கா. என் பேர்ல பாதி! அதுக்கு தெனம் அகத்திக்கீரை, எனக்கு ஆறிப்போன டீ. இருளாயி தலையைப் புடிச்சாத்தான் அது கழுத்துல ஊசி குத்த விடும். அவளோ சித்திரைத் தேருன்னு லீவு போட்டுட்டா. நான் ஒண்டியாப் போனேன். விட்டுச்சு பாருங்க ஒரு முட்டு! முழங்கால் இன்னும் நீலம் பாரிச்சிருக்கு. சரி, ஃபிரிட்ஜுல பழைய ரத்தம் ஒரு பாட்டில் இருந்துச்சு. செவப்பாத்தானே இருக்கு, என்ன கெட்டுடப் போவுதுன்னு...

மாமிக்கு இருபத்தெட்டு. ஆமா சார், அதத்தான் டாக்டர் திங்கக்கிழமை உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டாரு. இருங்க, இருங்க! கண்ணைத் தொடைங்க. முழுசாக் கேளுங்க.

ஒவ்வொரு தடவையும் நல்ல உடம்புக்காரங்க ரத்தம் ஒண்ணு கூட வெச்சுப் பாக்கணும், ஒத்துப் பாக்க. வேற யாரு குடுப்பா? என் ரத்தம்தான். எப்பவும் அறுபதுதானே, என்னத்தை எண்ணிக்கிட்டுன்னு... எண்ணாமலே அறுபதுன்னு எழுதிட்டேன். நேத்து சாயங்காலம் டாக்டர் என் ரத்தத்தோட ஸ்லைடைக் கேட்டாரு. குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணுனேன். முப்பத்தொண்ணு!

காட்டூர் பஸ்ல ஏறுனதுலேந்து கழுத்தைத் தடவிக்கிட்டே போனேன். எச்சி முழுங்குனா ஏதோ ஏறி எறங்குது. எல்லாருக்கும் எறங்கும்னு அப்பத் தோணவே இல்லை. எங்க வீட்டுக்காரர் பிலோமின்ராஜ்கிட்ட பீரோ சாவி இருக்கிற எடத்தைக்கூட சொல்லிட்டேன். எதுக்குன்னு கேட்டாரு. அழுதுட்டேன்.

காலையில வந்து பாட்டில்ல தேதியப் பாக்கறேன்... பத்தொன்பது நாள் ஆயிருக்கு! பழசானா ஒட்டாது சார். ஒரு வாரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதி ஒட்டியிருக்கு. என் கையெழுத்துதான்! வாட்ச்மேன்கிட்ட ஆட்டைப் புடிக்கச் சொல்லி புது ரத்தம் எடுத்து, என்னோடதை மறுபடி எண்ணுனேன். அறுபத்திரெண்டு.

ஆட்டு மேலயும் தப்பில்லை, இருளாயி மேலயும் இல்லை. நான்தான்.

மாமிக்கு ஒண்ணுமில்லைன்னு நான் சொல்லலை சார். அந்த இருபத்தெட்டை நம்பாதீங்கன்னுதான் சொல்றேன். கட்டி என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் எனக்கே தாங்கலையே, திங்கக்கிழமையிலேந்து அவங்க எப்படித் தாங்குனாங்களோ... டாக்டர்கிட்ட இன்னும் சொல்லலை. உங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டு தைரியம் வந்தா போலாம்னு இருந்தேன். மாமியை நாளைக்கு வரச் சொல்லுங்க, புது ரத்தத்துல...

என்ன சார்? வெளியிலயா? ரிப்போர்ட்டைக் கேக்க மனசு வராம ஆட்டோவுலயே உக்காந்திருக்காங்களா? இவ்ளோ நேரமாவா! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா... நான் எங்க விட்டேன்! ஓடுங்க சார், செருப்பை அப்பறம் மாட்டிக்கலாம், ஓடுங்க! லூர்துராணி தப்பா எண்ணிட்டாளாம்னு மொதல்ல சொல்லுங்க. ரத்தம் மெதுவா எடுத்துக்கலாம்.