ஸ்டீப்பிளுக்கு ஒரு சாட்சி

ஹேசல்: இன்னொரு தடவை சொல்லு, கீத்.

கீத்: எத்தனை தடவைக்கா சொல்றது? பாத்தேன்னா பாத்தேன்.

ஹேசல்: ஸ்டீப்பிள் மலை உச்சியில என்னைப் பாத்தியா?

கீத்: ஸ்டீப்பிள் உச்சியிலதான். அப்புறம் பில்லர்ல பாத்தேன், கிர்க் ஃபெல்ல பாத்தேன். இப்ப நீ தடுக்கி விழப் போறதையும் பாக்கப் போறேன். கீழ பாத்து ஓடு.

ஹேசல்: அந்தப் பனிமூட்டத்துல என் கையே எனக்குத் தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

கீத்: அங்க கொஞ்சம் விலகிச்சு.

ஹேசல்: விலகிச்சா?

கீத்: கொஞ்ச நேரம்... ஒரு நொடின்னு வச்சுக்கயேன். ஏன்க்கா போலீஸ்காரி மாதிரி துருவுற?

ஹேசல்: சும்மாதான்.

கீத்: சும்மாவா? பில்லர்ல ஆரம்பிச்சது. அஞ்சு மலை தாண்டியும் இதே கேள்வி. நேத்து சாயங்காலம் கெஸ்விக்ல கிளம்பினதுலேர்ந்து கண்ணு மூடல நீ. மூளை அவிஞ்ச உருளைக்கிழங்கா ஆயிருக்கும்.

ஹேசல்: மூளை நல்லாத்தான் இருக்கு. கால்தான்...

கீத்: முட்டியா? வலிக்குதா?

ஹேசல்: முட்டி இல்ல. விடு.

கீத்: அந்த வேலியைப் பிடிச்சுட்டே இறங்கு. ஹோனிஸ்டர் கணவாய் வந்துடும். நோரீன் சூடா டீ வச்சிருப்பா.

ஹேசல்: நீ மதில்கிட்டயே நின்னுட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

கீத்: எந்த மதில்?

ஹேசல்: அதான்... ஸ்டீப்பிளுக்குப் பிரியற இடத்துல. நான் மதிலைத் தாண்டி இறங்கினேன். திரும்பிப் பாத்தா நீ இல்ல.

கீத்: ஷூ கயிறு அவுந்து போச்சு. கட்டிட்டு உன் பின்னாடியேதான் வந்தேன்.

ஹேசல்: சத்தமே கேக்கல.

கீத்: அந்தக் காத்துல எருமை வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

ஹேசல்: கீத்... நீ பாக்கலன்னு சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்டா.

கீத்: பாத்ததை எதுக்குக்கா பாக்கலன்னு சொல்லணும்? இருபத்துநாலு மணி நேரத்துல தொட வேண்டிய நாப்பத்திரண்டு உச்சியில ஒண்ணுக்குச் சாட்சி இல்லன்னாலும் மொத்தமும் போச்சு. அதுக்குத்தானே நான் கூட வர்றேன்? சட்டம் எனக்கும் தெரியும்.

ஹேசல்: தெரியும்ல...

கீத்: இந்த ஓட்டத்துக்கு இது உன் நாலாவது முயற்சி. உன் முட்டியில எலும்பும் எலும்பும் உரசுது, இதோட நிறுத்திக்கோன்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது உனக்கு. அப்படி இருக்கும்போது நான் போய்ப் பாக்காம நிப்பேனா?

ஹேசல்: நான் அப்படிச் சொல்லலையே.

கீத்: அப்புறம் என்ன? ஓடு. அதோ பார், கார் விளக்கைப் போட்டுட்டு நிக்கறா உன் சிநேகிதி. பட்டப்பகல்ல விளக்கு! பேட்டரி தீந்துபோச்சுன்னா நாமதான் தள்ளணும்.

நோரீன்: வாடி, வாடி! உக்காரு. நாற்காலியில உக்காருடி, ஈரத்துல உக்காராத. கீத், அந்தப் போர்வையை எடு. உதடெல்லாம் நீலம் பாஞ்சு கிடக்கு இவளுக்கு.

கீத்: எனக்கும்தான் நீலம் பாஞ்சிருக்கு.

நோரீன்: நீ பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான். இந்தாடி, டீ. மூணு கரண்டி சர்க்கரை போட்டிருக்கேன், மூஞ்சி சுளிக்காம குடி. டப்பாவுல அரிசிப் பாயசம் இருக்கு, அதையும் முழுங்கு.

ஹேசல்: இறங்காது நோரீன்.

நோரீன்: இறங்கும். இன்னும் மூணே மலை. டேல் ஹெட், ஹிண்ட்ஸ்கார்த், ராபின்சன். அப்புறம் வெறும் தார் ரோடு. நேரம் கையில தாராளமா இருக்குடி. நடந்துபோனாக்கூட முடிச்சிடலாம்!

கீத்: கேட்டியா? நடந்துபோனாக்கூட!

நோரீன்: ஊருல என்ன நடக்குதுன்னு தெரியுமா? உன் பஸ்ல வர்ற பிள்ளைங்க எல்லாம் ஓட்டம் முடியற மூட் ஹால் வாசல்ல நிக்குதுங்க. 'எங்க டிரைவர்'னு ஒரு துணியில எழுதி வச்சிருக்காங்களாம். நீ ஓடிவந்து அந்தக் கதவுல கை வைக்கிறதைப் பாக்கணுமாம்.

ஹேசல்: ஐயோ... அவங்களை யாரு வரச்சொன்னது?

நோரீன்: யாரு சொல்லணும்? மூணு வருஷமா நீ நொண்டிட்டு பஸ் ஓட்டுறதைப் பாத்ததுங்க. என்னடி, கண்ணு கலங்குது?

கீத்: தூக்கம் இல்லல்ல... அதான்.

நோரீன்: சரி, வேலையை முடிச்சிடுவோம். மலை ஓட்டக் கிளப்புக்கு நான் பதில் சொல்லணும். வாஸ்டேல் பள்ளத்தாக்குலேர்ந்து இவகூட வந்தது நீ மட்டும்தானே கீத்?

கீத்: நான் மட்டும்தான்.

நோரீன்: யூபேரோ மலை?

கீத்: பாத்தேன்.

நோரீன்: ரெட் பைக்?

கீத்: பாத்தேன். ரெண்டு பேரும் சேந்தே தொட்டோம்.

நோரீன்: ஸ்டீப்பிள்?

கீத்: பாத்தேன்.

நோரீன்: அடேங்கப்பா! ஸ்டீப்பிளுக்கு நீயா போன? சர்ச் கோபுரத்துல ஏறிட்டு இறங்கத் தெரியாம அழுதவன்தானே நீ? ஏணி கொண்டுவந்து இறக்கினாங்களே!

கீத்: அது பதினஞ்சு வயசுல.

நோரீன்: போன மாசம் என் வீட்டுக் கூரையில பந்து எடுக்க ஏற மாட்டேன்னியே, அது எந்த வயசுல?

கீத்: நோரீன், நேரம் போகுது. அடுத்ததைக் கேளு.

நோரீன்: சும்மா கேலி பண்றேன்டா, எதுக்கு முறைக்கிற? ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல ஈரப் பாறை, அதுல மூட்டம் வேற. அக்காவுக்காகப் போயிருக்க. பெரிய விஷயம்தான்.

கீத்: ஆமா... போனேன்.

ஹேசல்: கீத், போதும்டா.

கீத்: என்ன போதும்? நீதான் வழி முழுக்க நம்பாம கேட்டுட்டு வந்த. நோரீன் முன்னாடியே சொல்றேன், கேட்டுக்கோ. மூட்டம் விலகிச்சு. நீ மேல நின்ன. கல்லுக்குவியல் மேல கை வச்ச. வச்சுட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்ன.

ஹேசல்: நின்னேனா?

கீத்: நின்ன. அழுத. நான் பாத்தேன்.

நோரீன்: அழுதியாடி?

ஹேசல்: ...அழுதேன்.

கீத்: பாத்தியா! பாத்தியா நோரீன்! நான் சொல்லல? திரும்பி வரும்போது கண்ணு செவந்திருந்துச்சு. அழுதேன்னு அவளே சொல்றா. இப்பவாவது எழுந்திரு அக்கா. மூணே மலை. உன் கையை நீட்டு, நான் தூக்கி விடறேன்.

ஹேசல்: இப்ப கை குடுக்கறியாடா?

நோரீன்: என்னடி ஆச்சு? டீ கொட்டுது பார்... ஹேசல்?

ஹேசல்: அழுதது உச்சியில இல்ல, நோரீன். உச்சிக்கு நான் போகவே இல்ல. அதுக்குக் கீழ, அந்தக் குறுகின பாறை ஆரம்பிக்கிற இடத்துல. ஒரு அடி நகர முடியல என்னால. இவன் வந்துட்டா கையைப் பிடிச்சுட்டு ஏறிடலாம்னு அங்கேயே உக்காந்துட்டேன்... காத்துட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் இவன் வரவே இல்ல.