சங்கிலியில் நாலு பூட்டு

இல்ல சார், நீங்க எழுதிட்டு வந்த வாக்குமூலத்துல நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பூட்டு விஷயத்தை நீங்க முழுசாக் கேட்டுக்கணும். டீ ஆறுது, குடிங்க. உடைஞ்ச சங்கிலியோட போட்டோவைத்தானே பார்த்திருக்கீங்க? நல்லா இருந்தப்ப எப்படி இருந்ததுன்னு தெரியாதில்ல?

மேல வனத்துறைக் காடு. கீழ ரெண்டு எஸ்டேட், அப்புறம் எங்க பன்னண்டு ஏக்கர். வண்டி போற பாதை ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஒரு கேட். இது பட்டா நிலம், அது அரசாங்க நிலம்னு தீ பார்த்தா வருது? அதனால நாலு தரப்பும் சேர்ந்து குழு வெச்சோம். சருகு வாரறது, புல்லு வெட்டறது, தீத்தடுப்புக் கோடு போடறது எல்லாமே சேர்ந்துதான். பதினோரு வருஷமா நான்தான் செயலாளர். மத்தவங்களுக்கு எழுதப் பொறுமை கிடையாது.

அலமாரியில ரெண்டாவது தட்டு, அத்தை! நீல டப்பா!... மாமியார். மாத்திரை தேடறாங்க. எங்க விட்டேன்?

ஆங், நாலு தரப்புக்கு நாலு பூட்டு. ஒரு பூட்டுல அடுத்த பூட்டைக் கோத்து, ரெண்டு முனையையும் சங்கிலியில மாட்டிடுவோம். யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விட்டுடும். மூடறப்பதான் கவனம். நடுவுல ஒரு பூட்டை விட்டுட்டு அதுக்கு அடுத்ததுல கோத்துட்டா, விடுபட்டது தோடு மாதிரி சும்மா தொங்கும். அது திறக்கும், கேட் திறக்காது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கற மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை.

தீப்பிடிச்ச அன்னைக்கு, ஒரு புதன்கிழமை மத்தியானம், தண்ணி லாரி டிரைவர் வனத்துறைப் பூட்டைத் திறந்தார், கேட் அசையல. சாவி வெச்சிருந்த நாங்கல்லாம் ஒத்தையடிப் பாதையில மேல ஏறிப் போய் தீயோட மல்லுக்கட்டிட்டிருந்தோம். லாரிக்காரங்க கடப்பாரை தேடி உடைக்கறதுக்குள்ள இருபத்தஞ்சு நிமிஷம். தீ அந்தத் தடுப்புக் கோட்டைத் தாண்டிடுச்சு. கீழ் எஸ்டேட்ல ஒம்போது ஏக்கர் சாம்பல். அந்த எஸ்டேட் மேஸ்திரிக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு.

தம்பி, கார் சாவி ஆணியிலதான் தொங்குது, கண்ணைத் திறந்து பாரு!... கொழுந்தன். இந்த வீட்ல ஒம்போது பேர் சார். எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்திதான்.

புதன்கிழமைதோறும் கேட்டைப் பார்க்கறது என் பொறுப்பு. எண்ணெய் விடுவேன், நோட்டுல நேரம் போட்டு எழுதுவேன். எறும்புக்கும் வரிசை எண் போடற பொம்பளைன்னு எஸ்டேட்காரங்க கேலி பண்ணுவாங்க. தீப்பிடிச்ச அன்னைக்கும் காலையில ஏழு இருபது, பூட்டு சரின்னு எழுதியிருக்கேன். அதை வெச்சு, எனக்கப்புறம் வனத்துறை வாட்ச்சர் வந்து தப்பாக் கோத்துட்டார்னு நீங்களா முடிவு கட்டிட்டீங்க. அந்த மனுஷன் நான் அந்தப் பக்கமே போகலன்னு தலையில அடிச்சுக்கறார். அஞ்சு வாரமா சஸ்பென்ஷன். இதுல நான் கையெழுத்துப் போட்டா அவர் வேலை போயிடும், குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்.

தப்பாக் கோத்தது நான் சார்.

சிரிங்க, பரவாயில்ல. உங்களுக்கு முன்னாடி வந்தவரும் சிரிச்சார். உங்களுக்குப் பெரிய மனசும்மா, ஆனா நீங்க போய் தப்புப் பண்ணுவீங்களான்னுட்டு ஃபைலை மூடிட்டார். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். நான் தப்புப் பண்ண மாட்டேன்னு ஊரே சத்தியம் பண்ணும் போல இருக்கு.

கொஞ்சம் கிட்ட வாங்க, அவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார்.

கேட்ல வேலை அஞ்சு நிமிஷம்தான். வீட்ல ஒரு மணி நேரம்னு சொல்லி வெச்சிருக்கேன். உள்ள போய் மூடிட்டு, அங்க ஒரு பாறை மேல உக்காந்துப்பேன். ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா. வாட்ச்சர் பைக்ல வருவார். என்னக்கா, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பார். தங்கமான மனுஷன். அன்னைக்கு அதுக்குக்கூட என்னால பதில் சொல்ல முடியாதுன்னு தோணிச்சு. அதனால உள்ள போனதும், அவர் திறந்துட்டு வரக் கூடாதுன்னு, எங்க பூட்டைத் துறைப் பூட்டுல கோக்காம அதுக்கு அடுத்ததுல கோத்தேன். வேணும்னேதான். வெளிய வரும்போது சரி பண்ணிடலாம்னு இருந்தேன். அன்னைக்குன்னு பார்த்து அவர் வரவே இல்ல. எனக்குத்தான் வீட்லேர்ந்து போன் வந்தது, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, புக் எங்கன்னு. பதில் சொல்லிக்கிட்டே, இருந்த மாதிரியே பூட்டிட்டு ஓடி வந்துட்டேன்.

மறதின்னு சொன்னேன், யாரும் நம்பல. இப்ப காரணத்தையும் சொல்லிட்டேன். இது தெரிஞ்சா இந்த வீட்ல அந்த ஒரு மணி நேரமும் இனிமே கிடையாது, அது எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் கிழிச்சிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதுங்க. எழுதி ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, சார்.

மெதுவா வேண்டாம். சத்தமாவே படிங்க.