இடது பின் சக்கரம்

மேடையில் வீற்றிருக்கும் பந்தயச் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் அணியின் உரிமையாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, நாற்காலி போதாமல் டயர்களின் மேல் உட்கார்ந்திருக்கும் பணிமனைத் தோழர்களே! மறைந்த நம் அண்ணனின் நினைவுக் கூட்டத்தில் தலைமை மெக்கானிக்கின் வணக்கம். அழுவதற்கென்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அழுமூஞ்சியைக் கண்டால் அண்ணன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார்.

யார் அவர்? சக்கரங்களுக்கு மேல்மூடி இல்லாத, ஒரே ஆள் உட்காரும் பந்தயக் காரைப் பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியவர்! நூற்று நாற்பத்து மூன்று பந்தயங்கள்! பதினொரு வெற்றிகள்! முதல் பந்தயத்தில், கொடி அசைவதற்கு முன்பே, டயர் சூடாவதற்காகச் சும்மா சுற்றி வந்தபோதே காரைச் சுழற்றிப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் தலையில் கைவைத்தோம். இறங்கி வந்தவர், "புல்லு நல்லா மெத்துனு இருக்குப்பா" என்றார்.

அப்படிப்பட்டவரை நாம் என்னவென்று அழைத்தோம்? 'அவசரம் அண்ணன்'! என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பேனரிலும் அதுதான் இருக்கிறது.

அவரா அவசரக்காரர்? பந்தயத்தில் மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டரில் பறந்தவரை, வீட்டுக்குப் போகும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்துவார்கள். ஒரு சட்டை எடுக்க மூன்று முறை கடைக்குப் போவார். நான்காம் முறை அண்ணியே போய் வாங்கி வந்துவிடுவார்.

அவரா அவசரக்காரர்? திடீரென்று மழை கொட்டிய பந்தயம் நினைவிருக்கிறதா? எல்லோரும் மழை டயர் மாற்ற ஓடி வந்தார்கள். நான் காரோடு பேசும் ரேடியோவில் கத்துகிறேன். அவர், "பொறுப்பா, மேகம் கிளம்பிடுச்சு" என்கிறார். இரண்டே சுற்று. மழை நின்றது. மற்றவர்கள் மறுபடி டயர் மாற்றிக்கொண்டிருக்க, அண்ணன் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

பிறகு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், பட்டத்தை முடிவு செய்யும் கடைசிப் பந்தயத்திலிருந்து. முன்னிலையில் இருந்த அண்ணன் டயர் மாற்ற வந்தார். சக்கரத்துக்கு ஒருவராக நான்கு பேர். நட்டை முடுக்கியதும் கையைத் தூக்க வேண்டும். நான்கு கையும் உயர்ந்தால்தான் கார் கிளம்பும். மூன்றாவது வளைவில் இடது பின் சக்கரம் கழன்றது. அது தனியாக உருண்டு அண்ணனையே முந்திக்கொண்டு போனது! கார் தடுப்பில் மோதியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பட்டம் போயிற்று. கடைசிவரை அது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

மருத்துவமனைக்கு விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். மாவுக்கட்டுக் காலைத் தொங்கவிட்டபடி அவர் சொன்னார்: "நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன். இவங்க கை தூக்குறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

தோழர்களே, அது பொய்! நான்கு கையும் உயர்ந்த பிறகுதான் அவர் கிளம்பினார். இடது பின் சக்கரம் என் பொறுப்பு. முழுக்க முடுக்காமலே கையைத் தூக்கியவன் நான்! கட்டில் ஓரத்தில் நின்று வாயைத் திறந்தேன். "அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்று என் வாயை அடைத்துவிட்டார். அவர்கள் போனதும் சொன்னார்: "என் கால் ஆறு மாசத்துல கூடிடும். இந்தத் தொழில்ல உன் பேரு கெட்டா மறுபடி கூடி வராதுடா." அடுத்த பந்தயப் பருவத்தில் ஊன்றுகோலோடு வந்து, அதே சக்கரத்தில் என்னையே நிறுத்தினார்.

அண்ணி, இத்தனை நாள் உங்களிடம்கூடச் சொல்லாத கோழை நான். உங்கள் முகத்தைப் பார்க்கவே... என்ன அண்ணி, சிரிக்கிறீர்கள்?

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். அண்ணி சொல்கிறார்: "அவர் தூக்கத்துல உளறுவார் தம்பி. மூணாம் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இத்தனை வருஷமா உனக்குச் சாப்பாடு போட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம்."

ஒரு நிமிடம். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அவர் காத்திருந்தார். நான்தான் தாமதித்துவிட்டேன். இது என் வாழ்நாள் வெட்கம். ஆனால் இன்றுமுதல், அவர் பெயரால் உறுதி சொல்கிறேன்: எங்கள் அணியில் கை தவறியவர் அன்றைக்கே, எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். அவரை யாரும் விரட்ட மாட்டோம். அடுத்த பந்தயத்தில் அதே இடத்தில் அவரையே நிறுத்துவோம்! இதைவிட வேறென்ன நினைவுச்சின்னம் அண்ணனுக்கு?

தலைவர் அவர்களே, உங்கள் பதிவேட்டில் அந்தப் பந்தயத்துக்கு எதிரே 'ஓட்டுநரின் அவசரம்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறேன்.