தொடக்கூடாத கைகள்

சுட்ட சேம்பங்கிழங்கை அடுத்தவர் ஊட்டிச் சாப்பிட்டால்தான் அதன் ருசி தெரியும், சார்ஜன்ட். நாமே எடுத்துச் சாப்பிடும்போது பாதிக் கவனம் சூட்டிலும் மீதி தோலிலும் போய்விடுகிறது.

நீங்கள் தலைநகரில் வளர்ந்தவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தீவில் தலைவர் குடும்பத்துப் பிணத்தைக் குளிப்பாட்டி, தேங்காயெண்ணெய் பூசி, பாயில் கிடத்துவது எங்கள் வம்சத்தின் வேலை. பிணத்தைத் தொட்ட கை அன்றிலிருந்து தபு. அந்தக் கையால் சாப்பாட்டைத் தொடக்கூடாது, சொந்த மூக்கைக்கூடச் சொறியக்கூடாது. தலைவர் வீட்டார் கூடிக் கையை விடுவிக்கும்வரை இன்னொருவர்தான் ஊட்ட வேண்டும். இறந்தவருக்கு மதிப்பு கூடினால் காலமும் கூடும்.

தலைவர் லொங்கோவாயை நான்தான் குளிப்பாட்டினேன். உடலைப் புரட்டியபோது வயிற்றிலிருந்த காற்று பெரிய ஏப்பமாக வெளியே வந்தது. உதவிக்கு வந்த இரண்டு மச்சான்களும் வேலியைத் தாண்டி ஓடிவிட்டார்கள். நான் "மன்னிக்கணும் தலைவரே" என்று சொல்லிவிட்டு முதுகைத் தேய்த்தேன். உயிரோடிருந்த காலத்தில் அவர் எனக்கு அந்த அளவுகூடப் பதில் சொன்னதில்லை. பயமாகத்தான் இருந்தது. இனி ஒரு வாய்கூட இறங்காது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி லெசியெலி தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். இறங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து விறகு வெட்டினாயா, பன்றிக்குத் தீனி போட்டாயா என்று என்னை விரட்டியவள் அவள். இப்போது அவள் பாடு வேறாகிவிட்டது.

"ஆ காட்டுய்யா. இன்னும் பெருசா. நம்ம பன்னிகூட இவ்ளோ நேரம் மெல்லாது."

"முதுகு அரிக்குது."

"அப்பவே சொல்றதுக்கென்ன? வாயி ஒண்ணும் தபு இல்லியே."

ஏசிக்கொண்டேதான் செய்தாள், ஆனாலும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தையும் அவளே எனக்காகப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் எங்களைக் காட்டி, தம்பதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொன்னார். அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன், சார்ஜன்ட். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கையை விடுவித்தவர் தலைவரின் அக்கா பாபிலோவா. எங்கள் வழக்கப்படி தம்பி தலைவரே ஆனாலும் அக்காவுக்குக் கீழேதான். கூட்டத்தின் நடுவே அவரே என் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"டேய் செமிசி, கை வந்துருச்சு. ஒன் பொண்டாட்டிக்கு விடுதலைடா. நாளையிலேர்ந்து கோடாலியத் தூக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். லெசியெலி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அதன்பிறகு விருந்து. பாபிலோவா என்னைத் தன் எதிரே உட்காரச் சொன்னார். மற்றவர்கள் மண்ணடுப்பைத் திறக்கக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். முதலில் வந்த வள்ளிக்கிழங்கைப் பேசிக்கொண்டே விழுங்கினார், அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. கண்கள் பிதுங்கின. இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். கை விடுபட்டதே மறந்துபோயிற்று, பழக்கதோஷம் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். மறந்துபோன கைகளை எதற்கு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இளநீரோடு வாசலில் வந்து நின்ற லெசியெலி அதைப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பாபிலோவாவின் முதுகில் அறைந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது.

அவரைக் குளிப்பாட்டியதும் நான்தான். வேறு யார் செய்வது? வாயைத் துடைக்கும்போது அந்தக் கிழங்கு தட்டுப்பட்டது. ஒரு விரலை விட்டதும் வந்துவிட்டது, விரல் பாதிகூட உள்ளே போகவில்லை. முகத்தை எவ்வளவு அமைதியாக ஆக்கிவிட்டான் என்று வந்தவர்கள் பாராட்டினார்கள்.

வீட்டுக்குப் போய் வழக்கம்போல் உட்கார்ந்தேன். லெசியெலி தட்டைத் தரையில் வைத்தாள்.

"பின்னால பத்திரமா ஒளிச்சு வெச்சியே, அந்தக் கைய எடுத்துத் தின்னு."

தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள். நான் தட்டில் குனிந்து வாயாலேயே சாப்பிட்டேன். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியவனில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவர் கை நீட்டியபோது என் கைகள் விடுபட்டவைதான். எழுந்து ஒரு அறை அறைந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். தம்பிக்கே இவ்வளவு காலம் என்றால் அக்காவுக்கு எவ்வளவு காலம், அதுவரை லெசியெலி என் எதிரே உட்காருவாளே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஆசை என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கொலை என்று எழுதினால்தான் மனசு கஷ்டப்படும். தீவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை இந்தக் கைகள் அவரைத் தொடவே இல்லை.