இறகுக் கட்சிக்கும் யானைக் கட்சிக்கும் ஒரு வார்த்தை

நாற்பது ஆண்டுகள் அஞ்சல் முத்திரை குத்திய அதே கையால் இன்றும் மேசையைக் குத்தி நம்மை அடக்கிவரும் மன்றத் தலைவர் அவர்களே, எட்டு மாதங்களாக நாம் எடுக்காத முடிவுகளை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, முழங்கால் போனாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்த உறுப்பினர்களே, ‘அரை மணியில் வந்துவிடுகிறேன்’ என்று சைக்கிளோடு போன கணவர்களை ஞாயிறுதோறும் பொழுது சாயும்வரை எதிர்பார்த்து ஏமாந்த தாய்மார்களே, நடைவழிக்கு இடப்புறம் அமர்ந்திருக்கும் இறகுக் கட்சி நண்பர்களே, வலப்புறம் அமர்ந்திருக்கும் யானைக் கட்சி நண்பர்களே, எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்ட நல்லவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

கையைக் கழுவிவிட்டுத்தான் மேடை ஏறினேன். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் போகாது. அது உங்கள் சங்கிலிகளின் எண்ணெய், உங்களுக்குச் சொந்தமானது.

வெளியூர் விருந்தினர் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலைமிதி மன்றம் என்பது மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பவர்களின் மன்றம். எட்டு மாதங்களுக்கு முன் இதே மண்டபத்தில், இதே மின்விசிறியின் கீழ் ஒரு நல்ல தீர்மானம் போட்டோம். மலைமேல் இருக்கும் பதினோரு வீடுகளுக்கு மருந்துப் பெட்டியோடு நடந்து போய்வரும் செவிலியருக்கு மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுப்பதென்று தீர்மானம். ஒரே ஒரு சைக்கிள். கைதட்டினோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். மறுவாரம் ஒருவர் கேட்டார்: லேசான சைக்கிளா, முழுப் பலச் சைக்கிளா? அன்றைக்குப் பிடித்தது நமக்குச் சனி.

என்ன வேறுபாடு? ஒரு மெக்கானிக்காகப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். லேசான வண்டிக்குச் சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. ‘நீ மிதி, நானும் கொஞ்சம் மிதிக்கிறேன்’ என்கிற ரகம். பதினேழு கிலோ. வளைவில் சொன்னபடி கேட்கும், வேலி வந்தால் தூக்கித் தாண்டலாம், சொந்தக் காலால் ஏறுகிற சந்தோஷமும் மிச்சம். முழுப் பல வண்டிக்குப் பெரிய மோட்டார், பெரிய பேட்டரி. ‘நீ காலை மட்டும் வை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற ரகம். இருபத்தைந்து கிலோ. சுமையோடு செங்குத்தாக ஏறும், ஆனால் தூக்கச் சொன்னால் முதுகு முறியும். இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. நமக்கு ஆனது எட்டு மாதம், பதினான்கு கூட்டம், நான்கு சண்டை.

லேசான வண்டி கேட்கும் இறகுக் கட்சிக்குத் தலைவர் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவர். எடையைக் குறைப்பதில் அவருக்கு நிகர் யார்? பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தவர் யார்? சட்டைக் காலரில் இருந்த துணிச்சீட்டைப் பிரித்தெடுத்தவர் யார்? சைக்கிள் மணியில் துளை போட்டு, அது அடித்தால் இருமுகிற மாதிரி ஆக்கியவர் யார்? அப்படிக் கிராம் கிராமாகக் குறைத்தவர், கிளம்புமுன் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளில் உட்காருவார். என்ன சொல்கிறீர்கள்? இரண்டு தட்டா? சரி, திருத்திக்கொள்கிறேன். செயலாளர் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

முழுப் பல வண்டி கேட்கும் யானைக் கட்சிக்குத் தலைவர் நம் இரும்புக்கடைக்காரர். வண்டி கனமாக இருந்தால்தான் அதற்கு மரியாதை என்று நம்புகிறவர். ‘மோட்டார்னா இழுக்கணும்யா, இல்லன்னா எதுக்கு மோட்டார்’ என்பது அவர் கொள்கை. மலை உச்சியில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் நின்று, மூச்சு வாங்கி வருகிறவனைப் பார்த்து ‘உடம்பு நல்லா இருக்கணும்பா’ என்று அறிவுரை சொல்கிற பெரிய மனது வேறு யாருக்கு வரும்? வலப்பக்கம் சிரிப்பைக் காணோம். பரவாயில்லை, இடப்பக்கம் உங்களுக்கும் சேர்த்துச் சிரிக்கிறது.

இவர்கள் இருவரையும் கிண்டல் செய்கிற நான் யோக்கியனா? இல்லை. என் பட்டறையின் உத்தரத்தில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டவன் நான். வண்டிகளை மாட்டி, எடையைச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதியவன் நான். டயரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி எடை போட்டவனும் நான். அதைவிடப் பெரிய கேவலம் ஒன்று இருக்கிறது. அந்தச் செவிலியர் என் மனைவி. காலையில் ஒரே அடுப்படியில் நின்று தேநீர் குடிக்கிறோம். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவரிடம் ‘உனக்கு என்ன வண்டி வேணும்’ என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் அவருடைய வலது முழங்கால் வீங்கிப்போனது. சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மாத இறுதிக்குள் மலை வழியைப் பழையபடி பார்க்க முடியாவிட்டால் அந்த வழியை நிறுத்திவிடுவார்களாம். நோயாளிகள் கீழே இறங்கி வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மேலே ஒரு தச்சர் இருக்கிறார். காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினால் கால் தங்கும். விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எந்தக் காலால் இறங்கி வருவார்? போன செவ்வாய்க்கிழமை என் மனைவியால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தச்சரின் மனைவி போன் செய்தார். எடுத்தது நான்.

“சிஸ்டர் இன்னைக்கும் வரலையாங்க?”

‘இன்னைக்கும்’ என்றாரே, அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பட்டறையில் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சுவரில் பதினேழு கிலோ நானூறு கிராம் என்று என் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

வீக்கம் வடிந்து, ஞாயிற்றுக்கிழமை வந்தது. விற்பனைக் கடையிலிருந்து இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அடிவாரத்தில் இரு கட்சியும் திரண்டிருந்தது. ஒருவர் கையில் கேமரா, ஒருவர் கையில் நிறுத்து கடிகாரம். என் மனைவி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, பெட்டியோடு வந்து நின்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பெட்டிய வச்சு ஓட்டிப் பாத்தீங்களா?”

நான் தரையைப் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். இருபத்தேழு உறுப்பினர் கொண்ட மன்றத்தின் வாயை ஒரு பெட்டி அடைத்துவிட்டது. மாட்டி எடை போட்டேன்: ஒன்பதரை கிலோ. எட்டு மாதமாக நாம் குறைத்த கிராம்களையெல்லாம் கூட்டினால் அந்தப் பெட்டியின் மூடிகூடத் தேறாது.

சரி, பெட்டியை இறகின்மேல் கட்டினோம். கண்ணாடிக் கடைக்காரர் கிளம்பினார். முதல் மேட்டில் சிரித்துக்கொண்டே போனார். இரண்டாவது மேட்டில் சிரிப்பு நின்றது. தண்ணீர்த் தொட்டி வளைவில் நாக்கு தள்ளியது. கேமரா பார்க்கிறதே என்று மோட்டாரை உச்சத்தில் வைத்து ஓட்டியதில் பேட்டரியும் பாதி வழியில் கண்ணை மூடப் பார்த்தது. “இன்னொரு பேட்டரி மாட்டிக்கலாம், கெட்டியா ஒரு கேரியர் போட்டுக்கலாம், சக்கரத்தையும் கொஞ்சம் பலமா மாத்திக்கலாம்” என்றார். மாட்டினால் என்ன எடை வரும் என்று அங்கேயே கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு கிலோ. இறகு முட்டை போட்டு, குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு வந்து நின்ற எடை அது.

வலப்பக்கம் கைதட்டுகிறது. அவசரப்படாதீர்கள், உங்கள் முறை வருகிறது.

அடுத்து யானை கிளம்பியது. ஒத்துக்கொள்கிறேன், காற்றாகப் போனது. பெட்டி இருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை. இரும்புக்கடைக்காரர் ஒரு கையை விட்டு நமக்கு டாட்டா காட்டினார். அப்படியே போய்ப் படிக்கட்டுக்கு முன்னால் நின்றார். அந்தப் படிக்கட்டை உங்களுக்குத் தெரியும். பாறைக்கும் பாறைக்கும் நடுவில், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய பத்தொன்பது படி. சுற்றுப்பாதை கிடையாது. நாம் வழக்கமாக அதற்குக் கீழேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அதனால் எந்தக் கட்சியின் கணக்கிலும் அது வரவில்லை. வண்டியும் பெட்டியும் சேர்ந்து முப்பத்தைந்து கிலோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு யானைக் கட்சித் தலைவர் மூன்று படி ஏறினார். நான்காவது படிக்கும் போக முடியவில்லை, இரண்டாவது படிக்கும் இறங்க முடியவில்லை. மிதிகட்டை முன்னங்காலைப் பதம் பார்த்தது. கடைசியில் அவரை மீட்டெடுத்தவர்கள் யார்? இறகுக் கட்சியைச் சேர்ந்த மூன்று பேர். இந்த மன்றத்தில் இரு கட்சியும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

என் மனைவி கீழ்ப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏங்க, எறங்கித் தள்ளிட்டுப் போறப்ப வண்டி தானா நகர்றதுக்கு ஒரு பொத்தான் இருக்குன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா, இருக்கு.”

“படி ஓரமா ஒரு பலகை சாச்சுப் போட்டா, அதுமேல வண்டி தானா ஏறாதா? நான் பக்கத்துல மெதுவா நடந்துக்கறேன்.”

உடனே ஆளனுப்பினேன். மரக்கடையிலிருந்து நீளமான பலகைகள் வந்தன. படி ஓரமாகச் சாய்த்தோம். யானையின் சக்கரத்தைப் பலகைமேல் வைத்து, என் மனைவி பொத்தானை அழுத்தினார். பெட்டியோடு வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அவர் ஒரு படி, ஒரு மூச்சு, அடுத்த படி என்று பக்கத்திலேயே நடந்தார். பத்தொன்பதாவது படியில் ஏறி நின்று, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறித் தச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். நியாயத்துக்காக, அவர் திரும்பி வந்ததும் அதே பெட்டியோடு இறகையும் அதே பலகையில் ஏற்றிப் பார்த்தோம். ஆறாவது படியில் நின்றுவிட்டது. அதைச் சிறுமைப்படுத்திச் சொல்லவில்லை. அது சுமை தூக்கப் பிறந்த வண்டி இல்லை. வேலி தாண்டிக் குதிக்கிறவர்களும் சொந்தக் காலின் சுகம் வேண்டுகிறவர்களும் தாராளமாக இறகையே வாங்குங்கள். நானே பூட்டித் தருகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மன்றத்தில் வீடு கட்டிக் கொடுக்கிற மேஸ்திரிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். மரக்கடை வைத்திருப்பவர் இருக்கிறார். பாலத்துக்கு வரைபடம் போடுகிற இன்ஜினீயர் இருக்கிறார். எட்டு மாதத்தில் ஒருவருக்காவது அந்தப் பலகை தோன்றியதா? ஏன் தோன்றவில்லை? நாம் அவருக்காக வண்டி தேடவில்லை, நண்பர்களே. அவர் பெயரைச் சொல்லி அவரவர் ஆசைப்பட்ட வண்டியைத் தேடினோம். அவர் ஏறும் மலையை விட்டுவிட்டு, நம் மனதுக்குள் இருந்த மலையை ஏறிக்கொண்டிருந்தோம். எடை போட்டோம், எடை போட்டோம், எட்டு மாதம் எடை போட்டோம். ஒரு காலின் வலியை மட்டும் எந்தக் கொக்கியிலும் மாட்டவில்லை.

இப்போது செயலாளர் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. எனக்குத் தெரியும், ஓரக்கண்ணால் படித்துவிட்டேன். இரு ரக வண்டிகளையும் ஆராய ஐவர் குழு, அவகாசம் மூன்று மாதம். ஐயா, அலுவலகக் கடிதத்தில் மிச்சம் இருப்பது ஒன்பது நாள். தச்சரின் புண் உங்கள் துணைக்குழுவுக்காகக் காத்திருக்குமா? அந்தத் தாளைத் தயவுசெய்து மடித்துச் சட்டைப்பைக்குள் வையுங்கள். தலைவர் சிரிக்கிறார், ஆகவே அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியது யானை. அதற்கு வாக்கெடுப்பு வேண்டாம், ஓட்டப்போகிறவர் சொல்லிவிட்டார். ஆனால் பலகை ஒரு மழைக்குத் தாங்காது. பத்தொன்பது படிக்கும் ஓரமாக, ஒரு சாண் அகலத்தில், சிமெண்டில் ஒரு சரிவுத்தடம் போட வேண்டும். போட ஒரு நாள், காய ஒரு வாரம். ஒன்பதில் எட்டு போயிற்று. அந்த ஒரு வாரமும் மருந்துப் பெட்டியை நாம் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்போம். இரும்புக்கடையில் சிமெண்ட் ஏழு மூட்டை தயார். மணல் அடிவாரத்தில் இறங்கிவிட்டது. படிக்கட்டு வரைக்கும் லாரி போகாது. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, தோள் மட்டும்தான்.

ஆகவே இன்று யாரும் கையைத் தூக்க வேண்டாம். எட்டு மாதமாகத் தூக்கியாயிற்று. நாளை காலை ஏழு மணிக்கு வந்து மணலைத் தூக்குங்கள். இறகுக் கட்சியின் எடை நிபுணர்களுக்கு ஒரு தகவல்: ஒரு மூட்டை ஐம்பது கிலோ. அதில் துளை போட்டுக் குறைக்க முடியாது. யானைக் கட்சியின் பலசாலிகளுக்கு ஒரு தகவல்: மூன்றாவது படியோடு நிற்கக் கூடாது.

அதோ, கடைசி வரிசையில் என் மனைவி எழுந்துவிட்டார். கட்டு மாற்றும் முறை இன்றைக்கும் இருக்கிறது. பலகையும் இன்றைக்கு இருக்கிறது. இரண்டு கட்சியும் ஒன்றையொன்று தொடக்கூடாதென்று நடுவில் விட்டிருக்கிறீர்களே, அந்த நடைவழி ஒன்றுதான் இந்த மண்டபத்தில் இதுவரை உருப்படியாக அமைந்தது. காலை மடக்கிக்கொள்ளுங்கள். அவர் போகட்டும்.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட கண்ணாடிக் கடைக்காரருக்கும், கடிந்துகொள்ளாத இரும்புக்கடைக்காரருக்கும், பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. இங்கே எனக்குக் கைதட்டியவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. நாளை படிக்கட்டில் எண்ணிக்கொள்கிறேன். வணக்கம்.