ஏழாம் கட்டில், எட்டாம் கட்டில்

நில்லு தங்கச்சி, நில்லு. அந்த வீடுதான். காஞ்ச மாவெல தொங்குதே, அதான் மருந்து கட்டுற டிரஸ்ஸர் கணேசமூர்த்தி வீடு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தாளு இன்னும் ஆஸ்பத்திரிலேர்ந்து வரல. இப்படி நெழல்ல உக்காரு. இது நான் குடியிருக்கற வீடுதான். உள்ள கொறட்டையா? என் தம்பி பொன்னுதுரை. வேலைக்குப் போயிட்டு வந்து தூங்கறான், வுடு.

கையில என்னா, அப்படி இறுக்கிப் புடிச்சிருக்க? மண்ணா? ஓ. அவங்க வாசல்ல தூத்தவா வந்த? குருபோங் பக்கத்துலேர்ந்து நடந்தேவா? வெறும் மரவள்ளிக் கெழங்கத் தின்னுபுட்டு?

நீ யாருன்னு சொன்ன? சுப்பையன் பொஞ்சாதியா.

ம்.

ஒண்ணுமில்ல. தெரியும், நல்லாத் தெரியும். நான் அந்த வார்டுலதான் ஆயா, பீச்சட்டி கழுவுறவ. உம் புருசன் ஏழாம் கட்டிலு. மொறைக் காச்சல்னு தோட்டத்துலேர்ந்து கொண்டாந்து போட்டாங்க. போயிட்டாரா? சயாம்லயா? வாந்திபேதியா... யாரு சொன்னா? தப்பிச்சு வந்தவனா? திருநீறு பூசுன டிரஸ்ஸர்தான் என்னைய அனுப்பிட்டான்னு சாகறப்ப சொன்னாராக்கும்.

சொல்லுவாரு. பாத்தா அப்படித்தான் தெரியும்.

த்தூ, அந்த வார்ட நெனச்சாலே எனக்குக் கொமட்டுது தங்கச்சி. கட்டுத் துணி கெடையாது. ஒருத்தன் புண்ணுல அவுத்தத வேக வெச்சு அடுத்தவனுக்குக் கட்டுறோம். அந்த சீழ் நாத்தம் எத்தன தடவ கழுவுனாலும் சோத்துக் கைய வுட்டுப் போவாது. அதக்கூடப் பொறுத்துக்கலாம். வாயத் தொறக்கக் கூடாதுன்னான் பாரு சப்பான்காரன். அவன் பாஷை நிப்பொங்கோ பேசு, இல்லாட்டி மலாய் பேசு, தமிழ் பேசுனா அறை. நாங்க குசுகுசுன்னு பேசிக்கிட்டா அவனுக்கு சந்தேகமாம். சாகக் கெடந்த கெழவன்கிட்ட, தண்ணி வேணுமாய்யான்னு ஒரு நாள் கேட்டுப்புட்டேன். வுட்டான் ஒண்ணு. இந்தப் பக்கக் காது இன்னும் சரியா கேக்கல. அதுக்கப்பறம் தமிழ் பேசணும்னா தமிழ் ஆயாங்க நாங்க நாலு பேரும் பீச்சட்டி கழுவுற எடத்துக்குத்தான் போவோம். பெத்த தாய்கிட்ட பேசுன பேச்சுக்கு அதான் எடம். நர்சு சாரதாம்பாள்னு ஒருத்தி, நம்ம ஊட்டுப் பொண்ணுதான், நோயாளி அக்கான்னு கூப்புட்டா எனக்குத் தமிழ் வராதும்பா. சீ.

அப்பறம் இந்த டிரஸ்ஸர். என்ன நெனச்ச, அவரு நம்ம ஆளுன்னா? அவரு மலாக்கா செட்டி. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில்ல தேங்கா ஒடைப்பாரு, நெத்தி நெறைய பட்டை போடுவாரு, வாயத் தொறந்தா மலாய்தான். பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்தே அப்படி. காஜா பேராங்குல இந்தக் கம்பத்து சனமே அப்படித்தான். அந்த சப்பான் ஆபீசருக்கு அதெல்லாம் தெரியுமா? பட்டையப் பாத்தான், இனிமே தமிழ்க் கூலிங்களுக்கு நீதான் வாயின்னுட்டான். எனக்கு அந்தப் பேச்சு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லலையே. இடுப்பொடியக் குனிஞ்சு, ஹாய் ஹாய்னு அவன் பாஷையிலயே ஆமாம் போட்டாரு. பாக்கவே அருவருப்பா இருந்துச்சு.

எப்படி சமாளிச்சாரா? காச்சலா, அந்த ஒரு வார்த்தய மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு. நோயாளி தமிழ்ல பதில் சொல்லுவான். பின்னால நான் சட்டியத் தூக்கிக்கிட்டு நிப்பேன். தலையக் குனிஞ்சுகிட்டே மலாய்ல மெல்லச் சொல்லுவேன். அவரு அதக் கேட்டு சப்பான்காரன்கிட்ட சொல்லுவாரு. நான் சொன்னதுதான் அவருக்குத் தெரியும், வேற ஒரு எழவும் தெரியாது.

இரு, எந்திரிக்காத. முழுசாக் கேட்டுட்டுப் போ.

அன்னிக்கு சயாம் ரயிலு வேலைக்குப் பத்து ஆளு வேணும்னு வந்து நின்னான். நடக்கறவனாப் பாத்து ஒம்போது பேர எடுத்தாச்சு. மிச்சம் ஏழாம் கட்டிலும் எட்டாம் கட்டிலும். உம் புருசனுக்கு அது காச்சல் வராத நாளு. பாத்தா நல்லாயிருக்கற ஆளு மாதிரிதான் உக்காந்திருந்தாரு. டிரஸ்ஸர் காச்சலான்னாரு. உம் புருசன் அவரப் பாக்கல, என்னையப் பாத்துதான் சொன்னாரு. அக்கா, நாளைக்குத் திரும்ப வந்துரும், எந்திரிச்சா நெஞ்சடைக்குது, ஒரு வாரம் வுடச் சொல்லுக்கா, எம் பொஞ்சாதி அஞ்சல மாசமா இருக்குன்னு. என்ன புள்ள பொறந்துச்சு? பொம்பளப் புள்ளையா. நல்லாருக்கட்டும்.

நான் சொன்னது ரெண்டே வார்த்த. சுடா பாய்க். நல்லாயிருச்சாம்னு.

டிரஸ்ஸர் திரும்பிப் பாத்தாரு. பெத்துலான்னாரு, நெசந்தானான்னு. அவருக்கு மனசு ஒப்பல. நான் ஆமான்னேன். எட்டாம் கட்டில்காரன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், காச்சல் வுட்டு அஞ்சு நாளாச்சு, வூட்டுக்குப் போலாமான்னு. அதுக்கும் நான்தான் மலாய்ல சொன்னேன், பேதி, ரத்தமாப் போவுதாம்னு. சப்பான்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு நவுந்துட்டான்.

அந்த டிரஸ்ஸர் இருக்காரே, இன்னமும் வாரத்துக்கொருக்கா ஒரு புடி அரிசி கொண்டாந்து குடுக்கறாரு. கெழங்கு ஆவாது, பேதி கண்ட வயித்துக்குக் கஞ்சி வெச்சுக் குடுன்னு. அவரு புள்ளைங்க கெழங்குதான் திங்குதுங்க. நான் அதையும் கை நீட்டி வாங்கிக்கறேன். என் மூஞ்சியில நானே காறித் துப்பணும்.

அங்க தூத்தாத தங்கச்சி. அந்தாளு ஒரு தொடைநடுங்கி, அவ்வளவுதான்.

எட்டாம் கட்டில்காரன் யாரா? அதான் சொன்னேனே, தம்பி உள்ள தூங்கறான்னு. அவனுக்கு இது ஒண்ணும் தெரியாது. தூத்தறதுன்னா இந்த வாசல்ல தூத்து. சத்தம் போடாமத் தூத்து, அவன் எந்திரிச்சுடப் போறான்.