மூன்று ஊதல்

கள்ளிமுள் காலில் ஒட்டிக்கொண்டால் சீப்பால்தான் எடுக்க வேண்டும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறிக்கொள்ளும். அதனால் என் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும், அதிகாரி. நோரீன் இங்கே வந்த முதல் வாரம், அவள் ஆடுசதையிலிருந்து ஒரு கொத்து முள்ளை நான்தான் சீவி எடுத்தேன். எனக்கு அவள்மேல் பகை என்று யாராவது சொன்னால், இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் ஊர் கனடாவில், சஸ்காட்சுவான். அங்கே பனி கொட்டத் தொடங்கியதும் கேரவனை ஓட்டிக்கொண்டு இந்த அரிசோனா முகாமுக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டு குளிர்காலமாக இதே இடம். என் கணவர் போன பிறகும் வந்தேன், ஏனென்றால் முகாம்காரர்கள் சேர்ந்து போகும் வியாழக்கிழமை நடை என்னுடையது. பாதைகளில் கல் அடுக்கி அடையாளம் வைத்தது நான். சலவை அறைச் சுவரில் பலகை மாட்டியதும் நான்தான். ஒவ்வொரு கேரவனுக்கும் அதில் ஒரு வில்லை தொங்கும். மலைப்பக்கம் போகிறவர் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளை. மாலை ஐந்தரைக்கு நான் போய்ப் பார்ப்பேன். சிவப்பு இருந்தால் எல்லாரும் தேடக் கிளம்புவோம், இல்லையென்றால் சீட்டாட உட்காருவோம். ஆளுக்கொரு விசிலும் நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆபத்து என்றால் மூன்று முறை ஊதணும், நிறுத்தணும், மறுபடி மூன்று.

நோரீன் இந்த டிசம்பரில்தான் வந்தாள். பிஸ்கட் என்று ஒரு குட்டை நாயோடு. வந்த மூன்றாவது வாரமே, எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் ஞாயிறு விருந்தில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோவிச்சுக்காத தாயே. நீ ஒவ்வொரு கல்லுகிட்டயும் நின்னு பாடம் எடுத்து முடிக்கறதுக்குள்ள எங்க காலு வேர் விட்டுடுது. அப்படியும் நீ சொல்லிக்குடுக்கறது ஒருத்தர் மண்டையிலயும் ஏறல."

மேசையே சிரித்தது. ஒன்பது வருடமாக என் பக்கத்துக் கேரவனில் இருக்கும் லாய்டும் சிரித்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, "இனிமே நடையை நோரீன் பாத்துக்கட்டும் இர்மா. நீ பாட்டுக்கு பலகையைப் பாத்துக்க, போதும்" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வடக்கு மலைப்பாதையை முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, வியாழனன்று எல்லாரையும் கூட்டிப்போவது அவள் திட்டம். செவ்வாய் காலை என்னிடம்தான் வழி கேட்டாள்.

"காஞ்ச ஓடை ரெண்டா பிரியுதே, அங்க எந்தப் பக்கம்?"

"கல்லு அடுக்கியிருக்கற பக்கம் போ."

அதில் பொய் ஒன்றும் இல்லை. முந்தின நாள் கற்களை வலப்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கத்தில் அடுக்கியிருந்தேன், அவ்வளவுதான். இடப்பக்க ஓடை ஒரு வழுக்குப் பாறையில் முடியும். சறுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது, கீழேயிருந்து வேறு வழியும் இல்லை. நான் கடைசிக் கல்லை அந்தப் பாறையின் விளிம்பில் வைத்தேன். கீழே ஒரு கல்கூட வைக்கவில்லை. இறங்கியது அவள் முடிவு.

மாலை ஐந்தரைக்குப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு. அதை வெள்ளைக்குத் திருப்பிவிட்டுப் போய் சீட்டுக் கலைத்தேன். நன்றாக விளையாடினேன் என்று லாய்ட்கூடச் சொன்னார். மறுநாள் காலை குடிநீர்க் குழாயில் ஐஸ் கட்டியிருந்தது.

நோரீனின் கேரவனுக்குள் நாய் குரைத்தது. சாவி கால்மிதிக்கு அடியில்தான் இருந்தது, இங்கே எல்லாரும் அங்கேதான் வைப்போம். பிஸ்கட்டுக்குச் சோறு வைத்து என் கேரவனுக்குக் கூட்டிவந்தேன். வாயில்லாப் பிராணியைப் பட்டினி போட எனக்கு மனசு வராது. கேட்டவர்களிடம், பல் வைத்தியத்துக்கு வேனில் ஏறி எல்லை தாண்டி மெக்சிகோ போயிருக்கிறாள், இரண்டு நாள் ஆகும் என்றேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இங்கே எல்லாரும் பல்லுக்கு அங்கேதானே போகிறோம்.

வியாழக்கிழமை நடையை நானே நடத்தினேன். தெற்குப் பக்கம் கூட்டிப் போனேன். பதினோரு பேர், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அவ்வளவு நல்ல நடை இந்த வருடம் அமைந்ததே இல்லை.

வெள்ளி காலை லாய்ட் நாயைத் தடவிக்கொண்டே, "எந்தப் பல்லுக்குப் போனா? அவளுக்கு மேல கீழ எல்லாமே செட்டுப் பல்லு, ஊர்லயே புதுசா கட்டிக்கிட்டு வந்தாளே, உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. அவள் வாயை நான் அவ்வளவு கவனித்ததில்லை. மதியத்துக்குள் அவள் உடலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விசில் கையிலேயே இருந்ததாம்.

நீங்கள் வில்லையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மற்றதை நானாகத்தான் சொல்கிறேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதன் காலை நான் ஓடை பிரியும் இடம் வரை நடந்து போனேன். அங்கிருந்தே கேட்டது. மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. ஒரு கல்மேல் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த காபியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டேன். வியாழன் விடிந்ததும், நடைக்கு முன்னால் மறுபடி போனேன். சத்தம் மெலிந்திருந்தது, மூச்சு போதவில்லை. அப்போதும் மூன்றுதான். நான்காக ஊதவில்லை, நடுவில் நிறுத்தவும் மறக்கவில்லை.

சொல்லிக்கொடுப்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை என்று சிரித்தார்களே, அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.